முதல் படியோடு நின்றுவிடும் ஏணி

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி மக்களவையில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில், பெண் தொழில்முனைவோருக்கான ஓர் அறிவிப்பு இடம்பெற்றிருந்தது. முதன்முறையாகத் தொழில் தொடங்கும் பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என 5 லட்சம் பேருக்கு, அடுத்த 5 ஆண்டுகளில் ரூ.2 கோடி வரை கடன் வழங்கப்படும் என்பதே அது. 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம் தந்த பாடங்கள் இப்புதிய திட்டத்தில் சேர்க்கப்படும் என்றும் அவர் கூறினார்.

அறிவிப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால், எந்தப் பாடங்கள் என்பதுதான் கேள்வி. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட 'ஸ்டாண்ட் அப் இந்தியா', ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தபட்சம் ஒரு பெண்ணுக்கும், தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஒருவருக்கும் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. அதன் நிபந்தனைகளில் ஒன்று, கடன் பெறுபவர் தொடங்குவது அவரது முதல் தொழிலாக இருக்க வேண்டும் என்பது. பத்து ஆண்டுகளாகத் தையல் கூடமோ, மாவு மில்லோ, அச்சகமோ நடத்தி, நாலு பேருக்கு வேலை கொடுத்து, இன்னும் நாலு இயந்திரம் வாங்க நினைக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. புதிய திட்டமும் 'முதன்முறைத் தொழில்முனைவோர்' என்றே பேசுகிறது. தொடங்குபவருக்குக் கதவு திறந்திருக்கிறது. தொடங்கி, தாக்குப்பிடித்து, வளர முயல்பவருக்கு அது சாத்தப்பட்டிருக்கிறது.

இது ஒரு திட்டத்தின் குறை மட்டுமல்ல. பெண்களின் தொழில் முயற்சி பற்றி தில்லியில் ஆட்சிக்கு வந்த எல்லா அரசுகளும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே சிந்தித்து வந்துள்ளன. எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம், எத்தனை பேர் தொழில் தொடங்கினர் என்பவையே சாதனைக் கணக்குகளாக அவையில் வைக்கப்படுகின்றன. தொடங்கியவர்களில் எத்தனை பேர் வளர்ந்தார்கள் என்று சொல்லும் கணக்கு அரிதாகவே கேட்கப்படுகிறது. அதனினும் அரிதாகவே தரப்படுகிறது.

அரசின் புள்ளிவிவரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும். 2015-16-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 73-ஆவது சுற்று, தனிநபர் உடைமையாக உள்ள குறு நிறுவனங்களில் 20.44 சதவீதம் பெண்களுடையவை என்று கண்டது. சிறு நிறுவனங்களுக்கு வந்தால் அது 5.26 சதவீதம். நடுத்தர நிறுவனங்களில் 2.67 சதவீதம். அடிப்படியில் ஐந்தில் ஒருவராக இருக்கும் பெண், மேற்படியில் ஏறத்தாழ நாற்பதில் ஒருவராகவே இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

'உத்யம்' பதிவுத் தளத்தின் விவரமும் இதையே சொல்கிறது. 2020 ஜூலையில் அத்தளம் தொடங்கியதிலிருந்து பதிவான நிறுவனங்களில் 20.5 சதவீதம் பெண்களுடையவை என்று 2024 பிப்ரவரியில் அரசு தெரிவித்தது. வேலைவாய்ப்பில் அவற்றின் பங்கு 18.73 சதவீதம், முதலீட்டில் 11.15 சதவீதம், மொத்த விற்றுமுதலில் 10.22 சதவீதம் மட்டுமே. அதே சமயம், சரக்கு-சேவை வரி வரம்புக்குள் வராத மிகச் சிறிய, முறைசாராத் தொழில்களைப் பதிவு செய்யும் 'உத்யம் அசிஸ்ட்' தளத்தில் பெண்களின் பங்கு 70 சதவீதம். எவ்வளவுக்கெவ்வளவு தொழில் சிறிதோ அவ்வளவுக்கவ்வளவு பெண்கள் அதிகம் என்பதே இதன் பொருள்.

இந்த எண்களில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விற்றுமுதலில் பத்தில் ஒரு பங்கே பெற்றுள்ள இந்நிறுவனங்கள், வேலைவாய்ப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருகின்றன. முதலீடு செய்யப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பெண்களின் நிறுவனங்கள் கூடுதலானோருக்கு வேலை தருகின்றன. வேலையில்லாத் திண்டாட்டம் ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்படும் நாட்டில், இவை வளராமல் தேங்கி நிற்பது பெண்களின் பிரச்னை மட்டும் அன்று.

6-ஆவது பொருளாதாரக் கணக்கெடுப்பு (2013-14), நாட்டில் பெண்கள் நடத்தும் தொழில் அமைப்புகள் ஏறத்தாழ 80 லட்சம் என்றது. மொத்தத்தில் இது 13.76 சதவீதம். அவற்றில் 83 சதவீதம், சம்பளத்துக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் நடப்பவை. 79 சதவீதம் சொந்தப் பணத்தில் தொடங்கப்பட்டவை. அதன் பிறகு எண்ணிக்கை கூடியுள்ளது என்பது உண்மை. முறைசாராத் தொழில்கள் பற்றிய அரசின் ஆண்டு ஆய்வு, தனிநபர் நிறுவனங்களில் பெண்களுடையவை 2022-23-இல் 22.9 சதவீதமாக இருந்து 2023-24-இல் 26.2 சதவீதமாக உயர்ந்ததாகக் கூறுகிறது. வாசலுக்குள் வருவோர் கூடுகின்றனர். உள்ளே போகப்போக வழிதான் குறுகிக்கொண்டே போகிறது.

பெண்கள் தாமாகவே சிறிய தொழிலோடு திருப்தி அடைகின்றனர். பெரிய பொறுப்பை அவர்கள் விரும்புவதில்லை என்று ஒரு வாதம் உண்டு. கடன் கொடுத்தாலும் பெண்களின் தொழிலில் லாபம் பெருகுவதில்லை என்று கூறும் பழைய ஆய்வுகளும் இதற்குத் துணைக்கு அழைக்கப்படுவதுண்டு. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் விவரங்களை மறுபடியும் அலசியது. பெண்ணின் பெயரில் வந்த பணம் பெரும்பாலும் கணவரின் தொழிலுக்குப் போய்விடுகிறது என்று அது கண்டது. வீட்டில் அவர் ஒருவரே தொழில் நடத்தும் இடங்களில், அவருடைய முதலீடு ஈட்டும் ஆதாயம் ஆண்களுடையதற்குக் குறையவில்லை. திறமையில் குறைவில்லை, பணம் யாருடைய கையில் தங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

அப்படியெனில், வளர்வதற்கு என்ன வேண்டும்? முதலாவது, தொழிலின் அளவுக்கும் காலத்துக்கும் ஏற்ற கடன். 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் முதல் பத்து ஆண்டுகளில் 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள், ரூ.32 லட்சம் கோடிக்கும் அதிகமாக வழங்கப்பட்டன. பயனாளிகளில் 68 சதவீதத்தினர் பெண்கள். இது சாதாரணச் சாதனையன்று. ஆனால், தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கடனின் சராசரி அறுபதாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. தள்ளுவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் அது போதும். கூடம் அமைக்கவோ, ஆள் வைக்கவோ, மொத்த விலையில் மூலப்பொருள் வாங்கவோ அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சிறு கடனால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதற்கு ஐதராபாதில் நல்ல சான்று கிடைத்திருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் அங்கம் வகித்த குழு, அந்நகரின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நுண்கடனின் விளைவை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. ஏற்கெனவே தொழில் நடத்தி வந்தவர்கள் முதலீட்டைக் கூட்டினர். அவர்களிலும் மேல்நிலையில் இருந்தவர்களே குறிப்பிடத்தக்க லாபம் கண்டனர். கடன் வந்ததால் புதிதாக முளைத்த தொழில்கள் சிறியனவாகவும் லாபம் குறைந்தனவாகவுமே இருந்தன. வீட்டில் பெண்களின் நிலை உயர்ந்ததாகவும் தெரியவில்லை. ஏற்கெனவே காலூன்றியவருக்குக் கிடைக்கும் கடனே தொழிலை வளர்க்கிறது என்னும் இந்தப் பாடம், 'முதன்முறைத் தொழில்முனைவோர்' என்ற நிபந்தனைக்கு நேர் எதிரானது.

கடனின் தொகையைப் போலவே அதன் விதியும் முக்கியம். நுண்கடன் நிறுவனங்களில் பணம் கைக்கு வந்த இரண்டாவது வாரமே தவணை தொடங்கிவிடுவது வழக்கம். சரக்கு வாங்கி, விற்று, காசாக்குவதற்குள் தவணைக்காரர் வாசலில் நிற்பார். எனவே கடன் வாங்கும் பெண், உடனே பணம் புரளும் சில்லறை வியாபாரத்தையே நாடுகிறார். கொல்கத்தாவில் பெண்களுக்குத் தவணை தொடங்க இரண்டு மாத அவகாசம் தந்து பார்த்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய வாராந்திர லாபம் மற்றவர்களைவிட 41 சதவீதம் அதிகமாக இருந்தது. கடன் திரும்பாமல் போவதும் கூடியது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த இழப்பைக் கடன் கொடுக்கும் நிறுவனம் மட்டும் சுமக்க முடியாது என்பதால்தான் அரசின் உத்தரவாத நிதிக்கு இங்கே வேலை இருக்கிறது.

இந்தத் திசையில் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. 2024-இல் முத்ரா திட்டத்தில் சேர்க்கப்பட்ட 'தருண் பிளஸ்' பிரிவு, முந்தைய 'தருண்' கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு ரூ.20 லட்சம் வரை வழங்குகிறது. முன்னைய படியை ஏறியவருக்கு அடுத்த படி என்ற இந்த வடிவமே பெண்களுக்கான எல்லாக் கடன் திட்டங்களுக்கும் முன்மாதிரி ஆகலாம். சுய உதவிக் குழுவில் பத்து ஆண்டுகள் தவணை தவறாமல் கட்டிய பெண், தனியாகத் தொழில் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது முன்பின் அறியாதவராக நடத்தப்படுகிறார். குழுவில் அவர் ஈட்டிய நாணயம், அவருடைய தனிக் கணக்கில் ஏற வேண்டும்.

தனி நிறுவனம் அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. 2013 நவம்பரில் மும்பையில் தொடங்கப்பட்ட பாரதிய மகளிர் வங்கி, 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அது பெண்களுக்கு வழங்கிய கடன் ரூ.192 கோடி, ஸ்டேட் வங்கிக் குழுமம் பெண்களுக்கு வழங்கியதோ சுமார் ரூ.46,000 கோடி என்று இணைப்பின்போது அரசே கூறியது. நூற்றுச் சொச்சம் கிளைகளைக் கொண்ட ஒரு வங்கியின் வாசலில் 'மகளிர்' என்ற பெயர்ப் பலகை மாட்டுவதைவிட, நாடெங்கும் பரந்துள்ள பெரிய வங்கிகளின் கடன் விதிகளில் மாற்றம் கொண்டுவருவதே பயன் தரும்.

இரண்டாவது தேவை சொத்து. எந்த வங்கி மேலாளரும் பெரிய தொகை என்றவுடன் முதலில் கேட்பது, 'யார் பெயரில் பத்திரம்?' என்பதே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் செய்யப்பட்ட திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமையை வழங்கியது. ஆந்திரமும் தமிழகமும் இதை 1980-களிலேயே செய்துவிட்டன. திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்தாரா என்பது பற்றிய குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும், அண்ணன் தம்பி உறவு கெடக் கூடாது என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தரும் பெண்களே கிராமங்களில் இன்றும் அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ வீடு அல்லது நிலம் உடைய பெண்கள் 43.3 சதவீதம். 'பிறருடன் சேர்ந்து' என்ற சொற்களுக்குள் கணவரின் கையெழுத்து இல்லாமல் அடமானம் வைக்க முடியாத சொத்துகளே மிகுதி.

பெண் பெயரில் பத்திரம் பதிவாவதை ஊக்குவிக்கச் சில அரசுகள் கட்டணச் சலுகை அளிக்கின்றன. தில்லியில் ஆணுக்கு 6 சதவீதமாக உள்ள முத்திரைத் தீர்வை பெண்ணுக்கு 4 சதவீதம். தமிழகத்தில் 2025 ஏப்ரல் முதல், ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. இவை நீண்ட காலத்தில் பலன் தருபவை. அதுவரை சொத்தில்லாத பெண்ணுக்குக் கைகொடுக்க வேண்டியது கடன் உத்தரவாத நிதி. குறு, சிறு நிறுவனங்களுக்கான அந்த நிதியில் 2022 டிசம்பர் முதல் பெண்களுக்கு 85 சதவீதப் பாதுகாப்பும் கட்டணத்தில் 10 சதவீதச் சலுகையும் வழங்கப்பட்டன. குறு, சிறு தொழில்களுக்கு ரூ.10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே உத்தரவிட்டுவிட்டது. ஆனால், உத்தரவு கிளைக்குக் கிளை வேறு வேறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பிணை கேட்கும் கிளையின் மீது புகார் செய்தால், அடுத்த முறை எந்தக் கிளைக்குப் போவது என்பதே சிறு ஊர்ப் பெண்ணின் கவலை.

மூன்றாவது, சந்தையும் விற்ற சரக்குக்கு உரிய நேரத்தில் வரும் பணமும். கடனைவிட இதுவே முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். கொள்முதல் ஆணை கையில் இருப்பவரைத் தேடி வங்கி வரும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்தும், அதற்குள் 3 சதவீதத்தைப் பெண்களின் நிறுவனங்களிடமிருந்தும் வாங்க வேண்டும் என்று 2018-இல் விதிக்கப்பட்டது. பிந்தைய ஒதுக்கீடு சிறியதுதான்; எனினும் அரசின் கொள்முதல் பெருந்தொகை என்பதால் அதைக் கண்டிப்பாக நிறைவேற்றினால் ஆயிரக்கணக்கான கூடங்களுக்கு வேலை கிடைக்கும். சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகை விலக்கும் உண்டு. ஆனால், முன் அனுபவம், முந்தைய ஆண்டுகளின் விற்றுமுதல் என ஒப்பந்தப் புள்ளியில் எழுதப்படும் நிபந்தனைகளைத் தளர்த்துவது கொள்முதல் செய்யும் துறையின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. விற்றுமுதல் இல்லாததால் ஆணை இல்லை. ஆணை இல்லாததால் விற்றுமுதல் இல்லை.

ஆணை கிடைத்து, சரக்கு அனுப்பிய பிறகு பணத்துக்குக் காத்திருப்பது அடுத்த சோதனை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆகியும் பணம் இழுத்தடிக்கப்படுவது குறையாததால், காலத்தில் பணம் தராத நிறுவனம் அச்செலவை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டு கழித்துக்கொள்ள முடியாதபடி 2023-இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கடுமையான ஏற்பாடுதான். எனினும், வாங்குபவரை எதிர்த்துப் புகார் செய்தால் அடுத்த ஆணை வராது என்ற அச்சம் சட்டத்தைவிட வலிமையானது. ஓரிரு வாடிக்கையாளர்களையே நம்பியிருக்கும் பெண்களின் நிறுவனங்கள் இதில் அதிகமாக அடிபடுகின்றன. மேலும், இப்பாதுகாப்பு உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கே உரியது. வாங்கி விற்கும் வணிகத்தில் ஈடுபட்டுள்ள பெண்கள் 2021 முதல் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்யலாம் என்றாலும், அந்தப் பதிவு முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே பயன்படும்.

நிலுவையை உடனடியாகப் பணமாக்க ரிசர்வ் வங்கி அனுமதித்த மின்னணு ஏலத் தளங்கள் ஒரு வழி. விற்றவரின் பட்டியலை வாங்கியவர் ஒப்புக்கொண்டால், வங்கிகள் போட்டியிட்டு அதற்கு முன்பணம் தரும். ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அத்தளங்களில் சேருவது கட்டாயம் என்ற வரம்பு, 2024 நிதிநிலை அறிக்கையில் ரூ.250 கோடியாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. இதில் அடமானம் தேவையில்லை. பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வியும் எழாது. சொத்தில்லாத பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான நிதி வசதி வேறில்லை. வாங்கியவர் சேருவது கட்டாயமாக இருந்தால் மட்டும் போதாது. விற்றவரின் பட்டியலைக் குறித்த நாள்களுக்குள் அவர் ஒப்புக்கொள்வதும் கட்டாயமாக வேண்டும்.

நான்காவது தேவை, எந்த வங்கியும் கடனாகத் தர முடியாத ஒன்று: நேரம். 2024-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடங்கள்; ஆண்கள் 88 நிமிடங்கள். குழந்தை, முதியோர் பராமரிப்பில் ஈடுபடும் பெண்களுக்கு 137 நிமிடங்கள், ஆண்களுக்கு 75. ஆக, சமையலறைக்கும் தொட்டிலுக்கும் நாளில் ஏழு மணி நேரம் கொடுத்துவிட்டு மிஞ்சிய நேரத்தில்தான் சரக்கு வாங்குவதும், வரிக் கணக்கு எழுதுவதும், வாடிக்கையாளரைச் சந்திப்பதும். தொழில் வீட்டோடு ஒட்டி நிற்பதற்கும் ஆளில்லாமல் நடப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

சட்டத்திலும் இது தொடர்பாக ஒரு விசித்திரம் இருக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் பெண் ஊழியருக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை உறுதி செய்தது. அந்தச் செலவு முழுவதும் உரிமையாளருடையது. பன்னிரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒரு பெண் தொழில்முனைவோர், தம் ஊழியர்களுக்கு அந்த விடுப்பை அளிக்கக் கடமைப்பட்டவர். அவரே தாயாகும்போது அவருக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. கடன் தவணையும் ஒத்திவைக்கப்படுவதில்லை. மகப்பேற்றுக் காலத்தில் ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளைப் பணிப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் ஒரு சுற்றறிக்கை போதும். குழந்தைக் காப்பகம் அமைக்கும் கடமையும் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கே. சந்தைகள், தொழிற்பேட்டைகள், பேருந்து நிலையங்கள் அருகே பொதுக் காப்பகங்கள் அமைந்தால் அதன் பலன் கடன் தள்ளுபடியைவிட நீடித்து நிற்கும்.

ஐந்தாவது, தோழமையும் அமைப்பும். 1959-இல் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய 'லிஜ்ஜத்' அப்பளம் இன்று நாடறிந்த நிறுவனம். அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனி முதலாளியாக்கி அது வளரவில்லை. மாவு பிசைவது, தரம் பார்ப்பது, விற்பது, பெயரை வளர்ப்பது ஆகியவை கிளையில் பொதுவாக நடந்தன. அப்பளம் இடுவது வீட்டில் நடந்தது. ஒரு பெண்ணால் தனியாகச் செய்ய முடியாதவற்றை அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆமதாபாதில் இளா பட் 1972-இல் தொடங்கிய 'சேவா' சங்கமும், 1974-இல் நாலாயிரம் பெண்கள் தலா பத்து ரூபாய்ப் பங்கு போட்டு அமைத்த அதன் வங்கியும் இதே வழியில் வந்தவை. பின்னாளில் மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, சுயதொழில் செய்யும் பெண்கள் பற்றிய தேசிய ஆணையத்துக்குத் தலைமை வகித்து 1988-இல் இளா பட் அளித்த 'ஸ்ரம சக்தி' அறிக்கை, இப்பெண்களையும் உழைப்பாளிகளாக நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்க வைத்தது.

அதே சேவா வங்கியின் வாடிக்கையாளர்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, தோழமையின் மதிப்பை அளந்து காட்டியது. இரண்டு நாள் தொழில் பயிற்சிக்குச் சில பெண்கள் தனியாகவும் சிலர் ஒரு தோழியுடனும் அழைக்கப்பட்டனர். தோழியுடன் வந்தவர்களே பின்னர் தொழிலுக்குக் கூடுதலாகக் கடன் வாங்கினர்; தொழிலையும் வளர்த்தனர். வீட்டை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு மிகுந்த சமூகங்களைச் சேர்ந்த பெண்களிடம் இந்த விளைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பலமும் இதுவே. பயிற்சி முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் திட்டங்கள் இதை இன்னும் கற்கவில்லை.

இந்த விவாதத்தில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. 6-ஆவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், நாட்டிலுள்ள பெண்களின் தொழில் அமைப்புகளில் அதிக எண்ணிக்கையைக் கொண்ட மாநிலம் தமிழகமே, 13.51 சதவீதம். தருமபுரியில் 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது அதற்குப் பின்னர், 1992-இல்தான். 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தரப்படுகிறது. சந்தைக்குப் போகும் செலவைக் குறைக்கும் இதுவும் ஒருவகைத் தொழில் முதலீடே. முதல் படியை முதலில் கட்டிய மாநிலம் என்ற முறையில், குழுவிலிருந்து நிறுவனத்துக்குச் செல்லும் அடுத்த படியைக் கட்டும் பொறுப்பும் தமிழகத்துக்கு மற்றவரைவிட அதிகம்.

இவற்றுக்கெல்லாம் பெருநிதி தேவைப்படும் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. முதலில் செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை விதிகளின் மாற்றங்களே. ரூ.2 கோடித் திட்டத்தில் 'முதன்முறை' என்ற நிபந்தனையோடு, குறைந்தது மூன்று ஆண்டுகள் தொழில் நடத்திய பெண்களுக்கான தனிப் பகுதி சேர்க்கப்பட வேண்டும். சுய உதவிக் குழுவின் கடன் ஒழுக்கம் உறுப்பினரின் தனிக் கடன் வரலாற்றில் பதிவாக வேண்டும். தவணைக்கு அவகாசம் தரும் கடன்களுக்கு உத்தரவாத நிதியின் பாதுகாப்பு உயர வேண்டும். பெண்களிடமிருந்து 3 சதவீதம் வாங்கத் தவறும் பொதுத்துறை நிறுவனம், அதற்கான காரணத்தை ஆண்டறிக்கையில் எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு மாற வேண்டும். 2025 ஏப்ரல் முதல் குறு நிறுவனம் என்பதன் விற்றுமுதல் வரம்பு ரூ.5 கோடியிலிருந்து ரூ.10 கோடியாக உயர்த்தப்பட்டுவிட்டது. இனி 'குறு' என்ற ஒரே தலைப்பின் கீழ், வாசலில் இட்லி விற்பவரும் ஒன்பது கோடிக்கு வணிகம் செய்பவரும் சேர்ந்தே எண்ணப்படுவர். பெண்களின் வளர்ச்சியோ தேக்கமோ அந்தத் திரைக்குள் மறைந்துவிடும். எனவே, விற்றுமுதல் அடுக்குவாரியாகப் பெண்களின் நிறுவனங்கள் எத்தனை, கடந்த ஆண்டில் ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததற்கு உயர்ந்தவை எத்தனை, மூடப்பட்டவை எத்தனை என்ற விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். கட்சி வேறுபாடு இதற்குத் தடையாக இருக்கத் தேவையில்லை.

பெண்களுக்குத் தொழில் தொடங்கத் துணிவில்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. கோடிக்கணக்கானோர் தொடங்கிவிட்டனர், தவணையையும் கட்டிக்கொண்டிருக்கின்றனர். நாற்று நட்டுவிட்டு நீர் பாய்ச்ச மறந்த விவசாயியைப் போல அரசு நடந்துகொள்ளக் கூடாது. இன்னும் 5 லட்சம் பேரைத் தொடங்கவைப்பது நல்ல காரியமே. ஏற்கெனவே தொடங்கியவர்களில் ஐந்து லட்சம் பேரையாவது அடுத்த படிக்கு உயர்த்துவது, அதைவிட அவசரமான கடமை.